ஆறாவது ஆள்

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போய் மக்கீனைப் பற்றிக் கேட்டால் ஆட்கள் முதலில் சிரிப்பார்கள். சிரித்து முடித்த பிறகுதான் "அருமையான மனிசன்" என்பார்கள். அந்த வரிசை மாறியதே இல்லை.

இ.போ.ச. பஸ்ஸில் கொண்டக்டர் வேலை. கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போவதும் மாத்தளையிலிருந்து கண்டிக்கு வருவதுமாகவே அவருடைய வாலிபம் கழிந்தது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள், வேலைக்குப் போகும் கந்தோர்க்காரர்கள், மரக்கறி மூட்டையோடு சந்தைக்கு வருகிறவர்கள் என்று பஸ் பிதுங்கும். சாரதி செல்லச்சாமி கண்ணாடியில் பார்த்து, "அண்ணே, இனி ஒரு ஈகூட ஏறாதுங்க" என்பார். மக்கீன் அசரமாட்டார். "இஸ்ஸரஹட்ட யன்ன! முன்னுக்குப் போங்கோ! தொரை, உங்கட குடைய மடக்குங்கோ, அந்தப் புள்ளட கண்ணுக்குள்ள போகப் போகுது!" என்று சத்தம் போட்டபடியே இன்னும் ஏழெட்டுப் பேரை உள்ளே தள்ளிவிடுவார். நியாயப்படி அவர்கள் அவரைத் திட்டியிருக்க வேண்டும். திட்டமாட்டார்கள். ஒருத்தருடைய கோழிக்கூடை இன்னொருத்தர் மடிக்குப் போகும், மடியில் வாங்கியவரே அதற்கு நன்றியும் சொல்வார். எப்படி நடக்கிறதென்று யாருக்கும் விளங்காது.

பேத்தி பாயிஸாவுக்கு அவர் அப்பா. வாப்பாவைப் பெற்றவரை அப்பா என்று கூப்பிடுவதுதான் அந்த வீடுகளில் வழக்கம். ஹந்தானைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து கூடப் படித்த சிநேகிதிகள், "ஒங்க அப்பாவுக்கு இவ்வளவு வயசா?" என்று வாயைப் பிளக்கும்போதெல்லாம் விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி அவளுக்கு அலுத்துப் போயிற்று.

பஸ்ஸில் எடுத்த பெயர் பாதிதான். மற்றப் பாதியை அவர் கல்யாண வீடுகளில் எடுத்தார்.

கல்யாண வீட்டில் சாப்பாடு சஹனில். பெரிய வட்டத் தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே இறைச்சியும் கோழியும் வைத்து, பாயில் விரித்த வெள்ளைத் துணியில் கொண்டுவந்து வைப்பார்கள். சுற்றிவர ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். ஆறாவது ஆள் வந்து உட்காரும்வரை மற்ற ஐந்து பேரும் கை வைக்கமாட்டார்கள். உட்கார்ந்தவர் பாதியில் எழும்பிப் போகவும் மாட்டார். அது பெரிய மரியாதைக் கேடு.

யாரை யாரோடு உட்கார வைப்பது என்பது என்ன பெரிய வித்தை என்று நினைப்பவர்கள் ஒரேயொரு கல்யாணத்தை எடுத்து நடத்திப் பார்க்கட்டும். பல்லில்லாத ஆறு பேரை ஒரு சஹனில் வைத்தால் இறைச்சி அப்படியே திரும்பி வரும். கதைகாரர் ஆறு பேரை வைத்தால் அடுத்த பந்திக்காரர்கள் பசியில் நிற்பார்கள். மக்கீன் இருக்கிற வீட்டில் இந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது. வாசலில் வருகிற ஆளின் முகத்தைப் பார்த்ததும் அவருக்கு இடம் தெரிந்துவிடும். தோளில் கை போட்டு, சுகம் விசாரித்து, விசாரித்து முடிப்பதற்குள் ஆளை இருத்திவிடுவார்.

கோபக்காரர்களைச் சேர்த்து இருத்துவதுதான் அவருடைய பெரிய விளையாட்டு. பலாமரத்துக்காக இஸ்ஸதீனும் ஜுனைதீனும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த காலம் ஒன்று உண்டு. மரம் இவர் வளவில், காய் விழுவது அவர் கூரையில். ஒரு கல்யாணத்தில் மக்கீன் இஸ்ஸதீனை முதலில் இருத்தினார். பிறகு நாலு பேரை இருத்தினார். சோறு வந்தது. ஆவி பறந்தது. ஐந்து பேரும் ஆறாவது ஆளுக்காக ஆளை ஆள் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், எங்கோ நின்ற ஜுனைதீனின் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "இந்தா இடம்" என்றார். மாட்டேன் என்றால் ஐந்து பேரைப் பட்டினி போட்ட பாவம். அந்தப் பெயரை யார் எடுப்பார்? ஜுனைதீன் உட்கார்ந்தார். இருவரும் தலை நிமிராமல் சாப்பிட்டார்கள். நல்ல இறைச்சித் துண்டு வந்தால் பக்கத்திலிருப்பவர் பக்கம் தள்ளிவிடுவது சஹன் பழக்கம். பழக்க தோஷத்தில் இஸ்ஸதீன் ஒரு துண்டைத் தள்ளிவிட்டார். தள்ளிய பிறகுதான் யாருக்குத் தள்ளினோம் என்று பார்த்தார். ஜுனைதீன் அதைத் திருப்பித் தள்ளினார். அது போவதும் வருவதுமாக இருந்ததைப் பார்த்து மற்ற நாலு பேருக்கும் சிரிப்பு அடக்க முடியவில்லை. கடைசியில் அவர்கள் இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்த வருஷம் பலாப்பழம் இரண்டு வீட்டிலும் மணத்தது.

எல்லாம் இப்படியே பலித்தது என்று சொன்னால் அது புளுகு. ஒருமுறை மாத்தளையில், மச்சான் மச்சான் இருவர் கோபம் என்று யாரோ சொன்ன கதையை நம்பி மக்கீன் அவர்களைச் சேர்த்து இருத்தினார். அவர்களுக்குள் கோபமே இல்லை. ஏன் நம்மை இப்படிப் பிடித்து இருத்துகிறார் என்று ஒருவரையொருவர் சந்தேகப்பட்டு, அன்றைக்குத் தொடங்கிய கோபம் இரண்டு நோன்புப் பெருநாள் தாண்டியும் போகவில்லை. அந்தக் கதையை மக்கீனே தன் வாயால் சொல்லி, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

அவருக்கு இரண்டு மகன்மார். மூத்தவர் ஹபீல், பாயிஸாவின் வாப்பா, பேராதனை கெம்பஸ் கந்தோரில் கிளார்க். வாயில் வார்த்தை வருவதே அபூர்வம். இளையவர் முனாப், கொழும்பில் புடவைக்கடையில் வேலை, வாயை மூடினால்தான் அதிசயம். பாயிஸாவுக்கு அவர் சாச்சா. ஆள் இருத்துகிற கை இருவருக்கும் வரவில்லை. அது ஒரு தலைமுறையைத் தாண்டிக் குதித்து பாயிஸாவிடம் போய்ச் சேர்ந்தது. நேசரி டீச்சரான அவள், கடிக்கிற பிள்ளையை எந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் கடிக்காது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவாள். கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்துச் சஹன்களெல்லாம் அவள் கையில்தான். "மக்கீன் நானாட பேத்தி வந்துட்டாள், இனிப் பயமில்ல" என்று, அவரை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிட்டுப் பழகிய கிழவிகள் தாங்களாகவே அவளிடம் வந்து நிற்பார்கள்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, அடைமழைக் காலத்தில், ஒரு நாள் விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்த மக்கீன் பிறகு எழும்பவில்லை.

கொழும்புக்கு டெலிபோன் கோல் போட்டுச் சொன்னார்கள். முனாப் உடுத்த உடுப்போடு பஸ் ஏறினார். வழியில் கடுகண்ணாவையில் மண் சரிந்து பாதை மூடிக் கிடந்தது. இங்கே மையவாடியில் வெட்டிய குழிக்குள் தண்ணீர் ஊறத் தொடங்கிவிட்டது. பெரியவர்கள் வந்து, "ஹபீல், இனி வெச்சிட்டு ஈக்க ஏலா" என்றார்கள். ஹபீல் பாதையைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி பாதையைப் பார்த்தார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்து அடக்கிவிட்டார்கள். மண் சரிவை நடந்து கடந்து, லொறியொன்றில் தொங்கிக்கொண்டு, முழங்கால்வரை சேற்றோடு முனாப் வந்து சேர்ந்தபோது மஃரிபும் முடிந்து இருட்டியிருந்தது.

"என்ட வாப்பாவ எனக்குக் காட்டாமப் பொதச்சிட்டியா?" என்று வாசலில் நின்று கத்தினார்.

ஹபீலுக்குச் சொல்ல எவ்வளவோ இருந்திருக்கும். அந்த மனிதருடைய வாயில் வந்தது ஒரேயொரு சொல். "மழை" என்றார்.

முனாப் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல் திரும்பிப் போனார். அதோடு போச்சு. ஊர்ச் சண்டையையெல்லாம் சஹனில் வைத்துத் தீர்த்த மனிதர், தன் ஜனாஸாவாலேயே தன் வீட்டில் ஒரு சண்டையை விட்டுவிட்டுப் போனார். அதைத் தீர்க்க அவர் இல்லை என்பதுதான் வயிற்றெரிச்சல்.

மூன்று வருஷம் கழித்து பாயிஸாவுக்குக் கல்யாணம் பேசினார்கள். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, அக்குறணைப் பக்கம். என்ன வேண்டும் மகள் என்று ஹபீல் கேட்டபோது, "சாச்சா வேணும்" என்றாள். ஹபீல் சாப்பாட்டிலிருந்து எழும்பிப் போய்க் கைகழுவினார். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, அதைப் பிடித்துக்கொண்டு அவளும் உம்மா மஸீனாவும் கொழும்புக்கு ரயில் ஏறினார்கள்.

முனாப் அவளைக் கண்டதும் கண் கலங்கினார். தேத்தண்ணி வந்தது, கேக் வந்தது, பழைய கதையெல்லாம் வந்தது. விஷயத்துக்கு வந்ததும் முகம் இறுகியது.

"வருவன் மகள். உனக்காக வருவன். ஆனா என்னச் சாப்பிடு எண்டு செல்லாதே. உங்கட வாப்பா போடுற சோறு எனக்கு எறங்காது."

கல்யாண வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் போவதைவிட வராமலே இருக்கலாம். ஊர் முழுக்கப் பார்க்க முகத்தில் அறைகிற மாதிரி அது. திரும்பி வரும் ரயிலில் மஸீனா வழி முழுக்க அழுதாள். பாயிஸா அழவில்லை. தன் கல்யாணச் சஹன் ஒன்றில் வாப்பாவும் சாச்சாவும் ஒன்றாக உட்காராமல் அந்தக் கல்யாணம் கல்யாணமே இல்லை என்று அவள் மனதுக்குள் முடிவு கட்டிவிட்டாள். எப்படி என்றுதான் தெரியவில்லை.

கல்யாண நாளும் வந்தது. அப்பா இருந்த அந்த வீட்டு முற்றத்திலேயே பந்தல். நிக்காஹ் முடிந்து மத்தியான லுஹரும் தொழுது ஆட்கள் பந்திக்கு வந்தார்கள். முனாப் வந்திருந்தார். புதுச் சட்டை, அத்தர் வாசம். பந்தல் ஓரத்தில், வெளியே போகிற வழிக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வருகிறவர்களோடெல்லாம் சிரித்துப் பேசினார். சாப்பிட வாங்க என்றவர்களுக்கு, "வயிறு சரியில்ல" என்று சொல்லிச் சமாளித்தார்.

பாயிஸா அறைக்குள் சோடனைக் கதிரையில், இரண்டு கையிலும் மருதோன்றியோடு. ஜன்னலில் திரை. திரையின் ஓரத்து இடைவெளியில் ஆண்கள் பக்கம் நன்றாகத் தெரிந்தது. கல்யாணப் பெண்ணுக்கு அன்றைக்கு உள்ள ஒரே வேலை தலையைக் குனிந்துகொண்டு இருப்பது. அந்த வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் செய்தாள். அன்றைக்கு அவளுக்குப் பதிலாகப் பெண்கள் பக்கத்தில் ஆட்களை இருத்திய சிநேகிதி றம்ஸியா ஒவ்வொரு தடவையும் அவளைத் திரும்பிப் பார்ப்பாள், இவள் புருவத்தாலேயே இங்கே, அங்கே என்று காட்டுவாள். "தலையக் குனி மகள், மாப்பிள்ள வீட்டாக்கள் பாக்கிறாங்க" என்று மஸீனா கிள்ளினாள். குனிவாள். அடுத்த நிமிஷம் நிமிர்ந்துவிடுவாள்.

பெண்கள் பக்கம் ஒருமாதிரி ஓடியது. ஆண்கள் பக்கம்தான் அல்லோலகல்லோலம். மக்கீன் நானாவின் மகனுக்குத் தெரியாததா என்று எல்லோரும் ஹபீலைப் பிடித்துத் தள்ளிவிட்டிருந்தார்கள். பாவம், அவர் கந்தோரில் பைல் அடுக்குகிற மாதிரி வந்த வரிசைக்கு ஆட்களை அடுக்கினார். முதலில் வந்த கிழவர்களெல்லாம் ஒரே சஹனில். சோறு மலைபோலக் கிடக்க அவர்கள் தங்கள் சீனி வருத்தத்தையும் அதற்கான மருந்தையும் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியாக வந்த பந்து விளையாடுகிற இளந்தாரிகள் எல்லாம் ஒரே சஹனில். அந்தச் சஹன் துடைத்த கண்ணாடியாக மினுங்க, அவர்கள் கிழவர்களின் சோற்றை ஏக்கத்தோடு பார்த்தார்கள். மாப்பிள்ளையின் பெரிய மாமாவை கடைசியில் வைக்கிற வட்டிலப்பம் வந்த நேரத்திலும் நிற்க வைத்திருந்தார்கள். ஜன்னலுக்குள் பாயிஸா, "அல்லாஹ்வே, வாப்பா... அந்த மாமாவ இருத்துங்க, அவர இருத்துங்க" என்று பல்லைக் கடித்தாள்.

எப்படியோ பந்திகள் முடிந்தன. எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டு கதைக்கத் தொடங்கினார்கள். இனி வீட்டுக்காரரின் சஹன். விருந்தாளிகள் எல்லோரும் சாப்பிட்ட பிறகு கடைசியாக வைப்பது அது. ஹபீல் உட்கார்ந்தார். சமையல்காரர் உட்கார்ந்தார். சஹன் தூக்கிய இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். கிழவராகிவிட்ட செல்லச்சாமியும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முதல் பந்தியிலேயே அவரைக் கூப்பிட்டார்கள். "மக்கீன் அண்ணேகூட எப்பவும் கடைசிச் சஹன்லதானே சாப்புட்டேன், இப்ப மட்டும் என்ன" என்று வரமாட்டேன் என்றவர்.

ஐந்து பேர்.

சோறு வந்து நடுவில் இருந்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. சமையல்காரர் கழுத்தை நீட்டி நாலு பக்கமும் பார்த்தார். பந்தலில் சாப்பிடாத ஆண் பிள்ளை ஒரேயொருவர்தான். அந்த ஒருவர் கதிரையிலிருந்து எழும்பி, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, வெளியே போகிற வழியைப் பார்த்து நின்றார்.

ஹபீல் தம்பியைப் பார்த்தார். வாய் திறந்தது. மூடிக்கொண்டது.

வெற்றிலை போட்டவர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். இந்த அண்ணன் தம்பி கதை ஊருக்கே தெரியுமே! திரைக்குப் பின்னால் பாயிஸா கணக்குப் போட்டாள். வாப்பா கூப்பிடமாட்டார். சாச்சா வரமாட்டார். இன்றைக்குப் போனால் இந்த மனிதர் இனி இந்த வாசலுக்கு வரப்போவதில்லை. அவள் எழும்பினாள். "எங்கடி போற?" என்று மஸீனா சேலையைப் பிடிப்பதற்குள் ஜன்னலுக்குப் போய், மருதோன்றிக் கையாலேயே திரையை ஒரே இழுவையாக இழுத்துவிட்டாள்.

"சாச்சா!"

பந்தலே திரும்பிப் பார்த்தது. கல்யாணப் பெண்ணின் குரலை அதற்கு முன் எந்தக் கல்யாணத்திலும் அந்த ஊர் கேட்டதில்லை.

"அஞ்சு பேர் பசியில ஈக்கிறாங்க."

முனாப் தடுமாறிப் போனார். "நான் சாப்பிட மாட்டன் எண்டு சென்னேனே மகள்..."

"நீங்க சாப்பிட வேணாம். சும்மா வந்து உக்காருங்க. அந்த மனிசர் நாலு மணிக்கு எழும்பிச் சமைச்சவர், அவரு சாப்பிடட்டும்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். மாப்பிள்ளையின் பெரிய மாமா, "நியாயமான பேச்சு!" என்றார். செல்லச்சாமி தனக்கும் ஹபீலுக்கும் நடுவே இருந்த இடத்தைக் கையால் தட்டி, "வாங்க தம்பி, பொண்ணு சொல்லிருச்சு, இனித் தப்ப முடியாதுங்க" என்றார். முனாப் வெளிவழியைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பிஸ்மில்லாஹ் சொல்லி நாலு பேர் கை வைத்தார்கள். முனாப்பின் கை அவருடைய முழங்காலிலேயே இருந்தது. ஹபீலின் கையும் அப்படியே. மற்றவர்கள் சோற்றைப் பிசைவதுபோலப் பாவனை செய்துகொண்டு காதைத் தீட்டினார்கள். பாயிஸா திரையை மூட மறந்துபோய் நின்றாள்.

"முனாப்" என்றார் ஹபீல்.

முனாப் வெளிவழிப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அண்டைக்கு மையவாடியில மூணு பிடி மண்ணு போட்டேன். எல்லாரும் போடுறதுதானே. போட்டுட்டு, திரும்பவும் குனிஞ்சி மண்ணெடுத்தேன். என்ன ஹபீல், நீ போட்டாச்சே எண்டு பள்ளி லெப்பை கேட்டார். இது தம்பிட எண்டு சென்னேன்."

ஹபீல் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. முனாப் தலையை மெதுவாகத் திருப்பி அண்ணனைப் பார்த்தார்.

"இவ்வளவு காலமா ஏன் நானா செல்லல்ல?"

"நீ அண்டைக்கு வந்த கோலத்தப் பாத்து எனக்கு வாய் வரல்ல. பொறகு... பொறகு வெக்கமாப் போச்சு."

செல்லச்சாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். சமையல்காரர் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு பிடியும் போட்டியா?" முனாப்பின் குரல் சின்னப் பிள்ளையின் குரலாக உடைந்திருந்தது.

"மூணும் போட்டேன்" என்றார் ஹபீல். "உன்ட கை என்ட கையவிடப் பெரிசுதானே. அதால ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டேன்."

முனாப் தன் கையை முழங்காலிலிருந்து எடுத்து ஒருமுறை விரித்துப் பார்த்தார். பிறகு அதைச் சோற்றில் வைத்தார்.